எண் முப்பத்தொன்று

எட்டேகாலுக்கு வந்து சேர்ந்தது
எண் முப்பத்தொன்று.
ஐஸ் பெட்டிக்குள் ஒரு குப்பி,
குப்பிக்குள் உளுந்தளவில் நான்கு துண்டுகள்.
பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

உயிரோடுதான் இருந்தன.
ஆக்சிஜன் குமிழிகள் நிற்காமல் ஓடினால்,
நீர் முப்பத்தேழு டிகிரியில் இருந்தால்
இரண்டு மணி நேரம் வரை
வெட்டுப்பட்ட செய்தி அவற்றுக்குப் போய்ச் சேராது.

வெளியே லின்ஷோப்பிங்கில் பிப்ரவரி.
சைக்கிள் இருக்கைகளின் மேல் பனி.

இரண்டு அரைக்கிண்ணங்கள், நடுவே ஒரு துளை,
துளைக்குத் திரையாக அந்தத் துண்டு.
இந்தப் பக்கம் குடல். அந்தப் பக்கம் உடம்பு.
குடலை உள்ளே என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.
உண்மையில் அது
ஊரின் நடுவே போகும் தெரு.
வாயில் நுழைகிறவன்
ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைக்காமல்
மறுகோடியில் வெளியேறிவிடலாம்.
வீடுகள் தொடங்குவது சுவருக்கு அப்பால்.
அந்தச் சுவரின் கனம்
ஒரே ஒரு செல்.

உப்பும் நீரும் கடந்தாக வேண்டும்,
கிருமி கடக்கக் கூடாது.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்:
திட்டிச் சொல்லும் சொல்தான்.
இங்கே அதுதான் உத்தியோகம்.

தெருப்பக்கம் ஊற்றினேன்
பச்சையாய் ஒளிரும் ஈ. கோலியை.
கடிகாரத்தை அழுத்தினேன்.

அப்போது கதவு திறந்தது.
ஆஸ்பத்திரி அங்கி, கம்பளிக் காலுறை,
ஐம்பது தாண்டிய ஒரு பெண்.
"கழிப்பறை எங்கே? சீக்கிரம் சொல்லு.
நேற்று ராத்திரி நாலு லிட்டர் குடிக்க வைத்தார்கள்,
இன்னும் கணக்குத் தீரவில்லை."
கைகாட்டினேன்.

திரும்பி வந்தவள் போகவில்லை.
குமிழிகளைப் பார்த்தபடி நின்றாள்.
"யாருடையது?"
எண் மட்டும்தான் தெரியும் என்றேன்.
என்ன எண் என்றாள்.
சொல்லியிருக்கக் கூடாது.
மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

குட்ரூன் ஓஸ்பிரிங்க்.
யோத்தா கால்வாயில் மதகு வேலை.
குளிர்காலத்தில் நீரை வடித்துவிட்டு
ஓக் மரக் கதவுகளைப் பழுது பார்க்கிறவள்.
மூன்று வருடத்தில் நான்கு முறை
இடது அடிவயிற்றில் கத்தி சொருகினாற்போல் வலி, காய்ச்சல்.
"பெருங்குடலில் பதினேழு பை இருக்காம்.
ஒன்றிலாவது சில்லறை இருக்கிறதா பாரேன்."

நான் சிரிக்கவில்லை. பயமாக இருந்தது,
விதிப்படி அவள் இங்கே இருக்கக் கூடாது.

"எத்தனை தாண்டியிருக்கு?"
இன்னும் எண்ணவில்லை.
"எண்ணினால் சொல்வாயா?"
மாட்டேன்.
"எங்கள் கதவும் ஒழுகும்," என்றாள்.
"சுத்தமாக ஒழுகாத மரம் காய்ந்து வெடித்துவிடும்.
எவ்வளவு ஒழுகலாம் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
உங்களிடம் அந்த அளவு இருக்கிறதா?"

இல்லை.
அதற்காகத்தான் முப்பத்தொன்று பேர்.
பை உள்ளவர்கள் சிலர், இல்லாதவர்கள் சிலர்.
சுவர் இளகியதால் கிருமி புகுந்ததா,
கிருமி குடைந்ததால் சுவர் இளகியதா,
பை வந்தது முன்பா பின்பா?
எதையும் அவளிடம் சொல்லவில்லை.
தெரியாது என்று மட்டும் சொன்னேன்.
அதுவே கொஞ்சம் அதிகம்.

கண்ணாடிக்கு அருகே குனிந்து
தன் துண்டுக்கு இரண்டு விரலை ஆட்டிவிட்டு
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

பத்து இருபதுக்கு
மில்லிவோல்ட் சரியத் தொடங்கியது.
நான்கு, இரண்டரை, ஒன்று.
அந்த நேரம் அவள் பேருந்தில் இருந்திருப்பாள்,
அல்லது கால்வாயோரம், சேற்றில், பெரிய பூட்ஸில்.

அப்பால் பக்கத்து நீரை எடுத்து
ஒளிமானியில் வைத்தேன்.
வந்த எண்ணை முப்பத்தொன்றுக்கு நேரே எழுதினேன்.
இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தேன்,
அதே எண்.

மதியம் ரை ரொட்டி, சீஸ்.
மென்றுகொண்டே
இடது கை தானாகப் போய்
அடிவயிற்றில் அமர்ந்தது.
அங்கே எத்தனை தாண்டுகிறதென்று
யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.